விண்டோஸ் 98-ல கலரும் சத்தமும்: டிரைவர் தேடுறதா, கார்டையே மாத்துறதா?

"தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை"ன்னு நம்ம வேலூரை கிண்டல் பண்ணுவாங்க இல்ல, சித்தப்பா வீட்டு பரண்ல இருந்து நான் இறக்கின கம்ப்யூட்டரையும் அந்த லிஸ்ட்லயே சேர்த்திருக்கலாம், கலர் இல்லாத மானிட்டர், சத்தம் இல்லாத ஸ்பீக்கர். ஒரு காலத்துல ஆற்காட்டுல அவர் டிடிபி சென்டர் வச்சிருந்தப்ப கல்யாண பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா நோட்டீஸ் எல்லாம் அடிச்ச மெஷின் இது. செலரான் 533, 128 எம்பி ரேம், இன்டெல் 810 சிப்செட் போர்டு. ஹார்ட் டிஸ்க் செத்துடுச்சு, நல்லவேளை பேஜ்மேக்கர்ல (பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்) செஞ்ச பழைய ஃபைல் எல்லாம் சிடில இருந்துச்சு. ஹார்ட் டிஸ்குக்கு பதிலா ஐடிஇ (பழைய ஹார்ட் டிஸ்க் கனெக்டர்) அடாப்டர்ல ஒரு சிஎஃப் மெமரி கார்டை மாட்டி விண்டோஸ் 98 எஸ்இ புதுசா போட்டேன். போட்டா 640க்கு 480, 16 கலர், டிவைஸ் மேனேஜர்ல வரிசையா மஞ்சள் கேள்விக்குறி, அதாவது கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கிற டிரைவர்ங்கற சாஃப்ட்வேர் இல்ல.

சித்தப்பாவுக்கு பேஜ்மேக்கர் தெரியணும், எனக்கு டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) கேம்ல பாட்டு கேக்கணும். ரெண்டு பேருக்கும் வேற வேற பதில் தான் கடைசில வந்துச்சு, அதனால தான் இவ்ளோ எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், "810 டிரைவர்"ன்னு பொத்தாம்பொதுவா தேடி கண்டதை இறக்காதீங்க. ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங் எல்லாம் எழுதி வைக்கிற இடம்) லோக்கல் மெஷின் உள்ள எனம் (Enum), அதுக்குள்ள பிசிஐ (PCI), அங்க ஒவ்வொரு சிப்புக்கும் ரெண்டு நம்பர் இருக்கும், யார் செஞ்சது, எந்த சிப்பு. இன்டெல்லுக்கு 8086, அவங்க பழைய ப்ராசசர் பேரையே வச்சிக்கினாங்க. எஸ்3 கம்பெனிக்கு 5333, எழுத்துக்கு நம்பர் குடுக்கற ஆஸ்கி முறைல 53ன்னா எஸ் எழுத்து, 33ன்னா 3, குறும்பு புடிச்சவங்க. என் போர்டுல கிராபிக்ஸ் 8086, 7121. சவுண்டு 8086, 2415. இந்த ரெண்டு நம்பரை எழுதி வச்சிக்கினா பாதி வேலை முடிஞ்சது.

கிராபிக்ஸுக்கு மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, இன்டெல்லோட சொந்த டிரைவர். அவங்க தளத்துல இந்த வயசு டிரைவர் எல்லாம் எடுத்துட்டாங்க, இன்டர்நெட் ஆர்க்கைவ்ல தான் தேடி புடிக்கணும். ரெண்டாவது, விபிஇஎம்பின்னு ஒரு பொது டிரைவர், கார்டு எந்த கம்பெனின்னு கவலையே படாம அதோட பயாஸ்ல (கார்டுக்குள்ளயே இருக்கிற அடிப்படை ப்ரோக்ராம்) இருக்கிற வெசா மோடை, அதாவது எல்லா கார்டுக்கும் பொதுவான முறையை வச்சு படம் காட்டும். மூணாவது, பழைய பிசிஐ கார்டு ஒண்ணு வாங்கி சொருகிட்டு ஆன்போர்டை (போர்டுலயே இருக்கிற கிராபிக்ஸ்) மறந்துடறது. 810 போர்டுல ஏஜிபிங்கற கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட் கிடையாது, அதனால ஜிஃபோர்ஸ் ஏஜிபி கார்டு வச்சிருக்கேன்னு யாராவது நீட்டினா வாங்கிக்காதீங்க.

விபிஇஎம்பி போட்டது அஞ்சு நிமிஷம் தான், ரீஸ்டார்ட் பண்ணா 1024க்கு 768, நல்ல கலர். சித்தப்பா பாத்துட்டு "அவ்ளோ தானாடா, இதுக்கா ரெண்டு நாளா உக்காந்துகினு இருந்த"ன்னு கேட்டாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு தான் தலைவலி ஆரம்பிச்சது. பழைய 15 இஞ்ச் டப்பா மானிட்டர்ல ரிஃப்ரெஷ் ரேட் (ஸ்க்ரீன் செகண்டுக்கு எத்தனை தடவை புதுசா வரையுதுங்கற கணக்கு) 60லயே நிக்குது, மாத்தவே முடியல, ஸ்க்ரீன் ஒரே துடிப்பு. எல்சிடி மானிட்டரா இருந்தா இது ஒரு பிரச்சினையே இல்ல, அதுல 60 தான் சரி. இன்னொண்ணு, கிராபிக்ஸ் சிப்புக்கு வேலையே குடுக்காது, எல்லாத்தையும் ப்ராசசர் தலைலயே கட்டும், விண்டோவை புடிச்சு இழுத்தா ரப்பர் மாதிரி பின்னாடியே வரும், 3டி சுத்தமா இல்ல. பேஜ்மேக்கர்ல ஒரு பக்கம் பத்திரிகை பாக்க இது போதும், நாள் பூரா வேலை செய்ய போதாது.

இன்டெல் டிரைவருக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல சிப்செட் ஐஎன்எஃப் (போர்டை விண்டோஸுக்கு அறிமுகம் பண்ற ஃபைல்), அப்புறம் டைரக்ட்எக்ஸ் (கேமுக்கு வேண்டிய விண்டோஸ் பகுதி), அதுக்கப்புறம் தான் கிராபிக்ஸ், கடைசில சவுண்டு, நடுநடுல கேக்கற ரீஸ்டார்ட் எல்லாம் சலிக்காம குடுக்கணும். நான் அவசரப்பட்டு நேரா கிராபிக்ஸ்ல கை வச்சு, சேஃப் மோடுல போய் எல்லாத்தையும் புடுங்கி திரும்ப போட்டேன். சரியா உக்காந்ததும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது, ரிஃப்ரெஷ் 85 வைக்கலாம், விண்டோ வழுக்கிக்கினு போகுது, ரோட் ராஷ் கூட ஓடுச்சு. 32 பிட் கலர் கேக்காதீங்க, 24 வரைக்கும் தான். மெமரியையும் மெயின் ரேம்ல இருந்து தான் கடன் வாங்கும், 128 எம்பில அது கொஞ்சம் உறுத்தல் தான்.

மூணாவது வழிக்கு லாங் பஜார் பக்கம் ஒரு காயலாங்கடைல அட்டைப்பெட்டி நிறைய கார்டு இருந்துச்சு. "இன்னா பாய், இது வேலை செய்யுமா?"ன்னு கேட்டேன். "செஞ்சா கார்டு தம்பி, செய்யலன்னா இரும்பு, ரெண்டுக்கும் ஒரே விலை தான்"னாரு. எஸ்3 ட்ரையோ64 வி பிளஸ் ஒண்ணு, 2 எம்பி மெமரி, 100 ரூபா. இதோட அழகு இன்னான்னா டிரைவர் விண்டோஸ் 98 சிடிலயே இருக்கு, சொருகி ஆன் பண்ணா அதுவே கண்டுபுடிச்சிக்கும். 2 எம்பிக்கு 1024க்கு 768ல 16 பிட் கலர் வரைக்கும் தாங்கும், கணக்கு போட்டா ஒன்றரை எம்பி தான் ஆகுது. 3டி இதுலயும் இல்ல, ஆனா விபிஇஎம்பி மாதிரி துடிக்கல, இழுவையும் இல்ல. நெட்டுல தேடற வேலையே இல்லாத ஒரே வழி இது தான், டிரைவர் சிடியும் தொலைஞ்சு பொறுமையும் இல்லாதவங்களுக்கு நான் இதையே சொல்லுவேன்.

நடுவுல ஒரு கூத்து. இன்டெல் டிரைவர் போட்ட அப்புறம் மதியானம் ஆனா ஸ்க்ரீன் உறைஞ்சு போயிடும், ராத்திரில ஒண்ணும் ஆகாது. டிரைவர் தான்னு நினைச்சு ரெண்டு வெர்ஷன் மாத்தி பாத்தேன். கத்திரி வெயில், நம்ம ஊர்ல மொட்டைமாடிக்கு கீழ் ரூம்ல எப்படி இருக்கும்னு சொல்லணுமா? ப்ராசசர் ஃபேன்ல பஞ்சு மாதிரி தூசி அடைச்சிருக்கு, அதுக்கு கீழ பேஸ்ட் காஞ்சு பொடியாயிடுச்சு. சுத்தம் பண்ணி புது பேஸ்ட் வச்சேன், அன்னியோட உறையறது நின்னுச்சு. டிரைவரை திட்டறதுக்கு முன்னாடி கேபினட்டை தொறந்து பாருங்க, அப்படியே கெபாசிட்டர் தலை ஏதாவது உப்பி இருக்கான்னும் பாத்துடுங்க.

இப்ப சவுண்டு, இதுல தான் நிஜமான சண்டையே. ஆன்போர்டு சவுண்டு ஏசி97, அதுல சவுண்டு வேலை ரெண்டு துண்டா இருக்கு, கன்ட்ரோலர் இன்டெல் சிப்செட்டுக்குள்ள, டிஜிட்டலை சத்தமா மாத்தற கோடெக் மட்டும் போர்டுல தனி சிப்பு. அதனால ஐடி நம்பர் 2415ன்னு சரியாவே இருந்தாலும் டிரைவர் பொருந்தாம போகும், ஏன்னா கோடெக் ரியல்டெக்கா, அனலாக் டிவைசஸா, சிக்மாடெல்லான்னு போர்டுக்கு போர்டு மாறும். ஆடியோ பின் சொருகற எடத்துக்கு பக்கத்துல 48 கால் வச்ச சின்ன சதுர சிப்பு இருக்கும், மொபைல் டார்ச் அடிச்சு அது மேல இருக்கிறதை படிங்க. என்னுது அனலாக் டிவைசஸ் ஏடி1881. அதுக்கேத்த டிரைவர் போட்டதும் விண்டோஸ் ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டுச்சு, சித்தப்பா பக்கத்து ரூம்ல இருந்து எழுந்து வந்தாரு.

ஆனா ப்யூர் டாஸ்ல, அதாவது விண்டோஸ் ஓடாதப்ப, ஏசி97 ஊமை. டாஸ் கேம் எல்லாம் டிரைவர் கிட்ட பேசாது, நேரா சவுண்டு பிளாஸ்டர் கார்டு கிட்ட பேசும், போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1ன்னு விலாசம் சொல்லி கூப்பிடும், அந்த விலாசத்துல வீடே இல்லன்னா சத்தம் எங்க இருந்து வரும். நிஜ ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்தின ஸ்லாட்) சவுண்டு பிளாஸ்டர் 16 இருந்தா பேச்சே இல்ல, ஆனா என் போர்டுல ஐஎஸ்ஏ ஸ்லாட்டே இல்ல. குடியாத்தத்துல இருக்கிற ஃப்ரெண்டு ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்கிற 440பிஎக்ஸ் போர்டு வச்சிருக்கான், அவன் அந்த கார்டை சொருகி டாஸ் ஸ்டார்ட் ஆகும்போது ஓடற ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல ஒரு செட் பிளாஸ்டர் லைன் எழுதிட்டு நிம்மதியா இருக்கான், பொறாமையா இருக்கு.

எனக்கு மிச்சம் இருந்தது எஸ்பிஇஎம்யு, இல்லன்னா யமஹா பிசிஐ கார்டு. எஸ்பிஇஎம்யு சில வருஷம் முன்னாடி வந்த டாஸ் ப்ரோக்ராம், ஏசி97 மேல உக்காந்துக்கினு கேம் கிட்ட நான் தான் சவுண்டு பிளாஸ்டர்னு பொய் சொல்லும். கையில காசே செலவில்ல, பிரின்ஸ் ஆஃப் பெர்சியா பாடுச்சு. ஆனா எஃப்எம் (ரேடியோ இல்ல, சவுண்டு கார்டு சிப்பே ஸ்வரம் உண்டாக்கற முறை) மியூசிக்கையும் ப்ராசசர் தான் கணக்கு போட்டு வாசிக்கணும், 533 மெகாஹெர்ட்ஸுக்கு அது பாரம், கொஞ்சம் பெரிய கேம் போட்டா பாட்டு திக்குது. கூடவே மெமரி மேனேஜர் எல்லாம் சரியான வரிசைல ஏத்தணும்.

யமஹா வொய்எம்எஃப்724 கார்டுக்குள்ள நிஜ ஓபிஎல்3 எஃப்எம் இருக்கு, ஒரிஜினல் சவுண்டு பிளாஸ்டர் 16ல இருந்த அதே யமஹா குடும்பம், அதனால பாட்டு அச்சு அசலா வருது, ப்ராசசருக்கும் சுமை இல்ல. துப்பாக்கி சத்தம், பேச்சு மாதிரி டிஜிட்டல் சத்தத்துக்கு தான் டாஸ்ல ஒரு சின்ன ப்ரோக்ராமும் இஎம்எம்386ங்கற மெமரி மேனேஜரும் வேணும், அதுவும் சவுண்டு பிளாஸ்டர் ப்ரோ அளவுக்கு தான், 16 இல்ல. வேலூர்ல கிடைக்கல, காட்பாடில ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 400 ரூபாக்கு வாங்கினேன். அங்க சிஎம்ஐ8738 கார்டு பாதி விலைக்கு நீட்டினாங்க, விண்டோஸுக்கு ஓகே, எஃப்எம் தான் யமஹா பக்கத்துல நிக்காது. சவுண்டு பிளாஸ்டர் லைவும் நல்ல கார்டு, ஆனா பிராண்டட் மெஷின்ல இருந்து கழட்டினதுல பேர் லைவ்னு இருந்தாலும் சிப்பு வேறயா இருக்கலாம், கடைல விக்கற லைவ் டிரைவர் அதை மதிக்காது.

இவ்ளோ எதுக்கு, லேப்டாப்ல 86பாக்ஸ் (பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர்) போட்டு அதுக்குள்ளயே எஸ்3 கார்டு, சவுண்டு பிளாஸ்டர் 16ன்னு தேர்ந்தெடுத்தா ரெண்டுக்கும் டிரைவர் 98 சிடியே குடுத்துடும்னு தம்பி சொன்னான். நிஜம் தான். சும்மா ஃபைல் தொறக்க அது போதும்னா அதையே பண்ணுங்க. டேஞ்சரஸ் டேவ் கேமுக்கு அதுவும் வேணாம், அது பிசி ஸ்பீக்கர்லயே கீச் கீச்சுனு கத்தும், டிரைவரே தேவையில்ல.

இப்ப மெஷின்ல ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு இன்டெல் டிரைவர், ஏசி97ஐ மதர்போர்டு பயாஸ்ல ஆஃப் பண்ணிட்டு யமஹா கார்டு. எஸ்3 கார்டு ஸ்பேர்ல இருக்கு. சித்தப்பா 2001ல அடிச்ச ஒரு கல்யாண பத்திரிகையை தொறந்து, விநாயகர் படம் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்குன்னு இப்ப வந்து சரி பண்றாரு. ஷட் டவுன் குடுத்தா மட்டும் பாதில தொங்குது, எந்த டிரைவர்னு இன்னும் புடிபடல, பவர் பட்டனை அமுக்கி தான் ஆஃப் பண்றோம்.