மகளுக்குத் தைத்த சுங்குடிப் பாவாடை

எட்டாவது படிக்கும்போது எனக்கு அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிப் பாவாடை இருந்தது. சுங்குடி என்றால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிப் புள்ளி எடுக்கும் மதுரைப் பருத்தித் துணி. அம்மா கீழே இரண்டு டக், அதாவது மடிப்பு, பிடித்துத் தைக்கச் சொல்வார். நான் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் புதுசாகப் பளிச்சென்று இருக்கும். வகுப்பில் அந்தக் கோட்டையே விரலால் தடவிக்கொண்டிருப்பேன்.

அதே மாதிரி மகளுக்கும் வேண்டும் என்று, மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். டக் என்று சொன்னதும் இரண்டு விரல் அகலத்துக்கு அவரே பிடித்துக் காட்டினார். தையல் அருமை. நாடா மட்டும் மெல்லியது, மாற்றிக்கொண்டேன்.

துணியைப் பார்த்து வாங்குங்கள். கையால் முடிச்சிட்ட புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, தொட்டால் லேசாக மேடு தட்டும். அச்சடித்ததில் அது இல்லை. அப்புறம், முதல் அலசல் தனியாக, கல்லுப்பு போட்டு.