மண்டபத்தில் மிஞ்சும் சோறு: ஆளுக்கா, மாட்டுக்கா, கேஸுக்கா?

ஆவணி முகூர்த்த நாளில் கும்பகோணம் பக்கம் ஒரு மண்டபத்தின் பின்கட்டை மதியம் மூன்று மணிக்கு எட்டிப் பாருங்கள். கால் அண்டா சோறு, சாம்பார், யாரும் சீண்டாத கூட்டு. இதை எங்கே அனுப்புவது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது முதியோர் இல்லம். நல்லதுதான், ஆனால் நேரம் இடிக்கிறது. மூன்று மணிக்குப் போன் போட்டால் அங்கே எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இரவுக்கு வைக்கலாமென்றால் சோறுதான் வில்லன். ஆறிய சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடும் ஒரு நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருந்தால் பயமில்லை. அதனால் காலையிலேயே இல்லத்தில் சொல்லிவைத்து, முதல் பந்தியின்போதே ஹாட்பாக்ஸில் தனியாக எடுத்துவிட வேண்டும். தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி வேண்டவே வேண்டாம். மிஞ்சிய உணவை வழங்குவதற்கென்றே 2019-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை போட்டிருக்கிறது.

மாட்டுக்குப் போடலாமே என்பார்கள். கழனித்தண்ணியில் ஒரு பிடி சோறு வேறு, ஒரு வாளிச் சோறு வேறு. திடீரென்று நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். எச்சில் இலையோடு கொட்டினால் ஐஸ்கிரீம் ஸ்பூனும் உள்ளே போகும்.

உணவுக் கழிவை மக்கவைத்து அடுப்பெரிக்கும் வாயு எடுக்கும் பயோகேஸ் கலனுக்கு எச்சில் சோறும் சரி, ஊசிப்போன சாம்பாரும் சரி. வாழை இலையை மட்டும் பிரித்துவிட வேண்டும், நார் சீக்கிரம் மக்காது. ஒரு முகூர்த்தத்துக்கு மட்டும் யாரும் கலன் வைக்க முடியாது. தினமும் கழிவு வரும் ஹோட்டலுக்கும் மெஸ்ஸுக்கும்தான் கட்டுப்படியாகும்.

என்னைக் கேட்டால், மிச்சம் முளைப்பது சமையல்காரரிடம் பேசும் பேச்சில். இலைக்கு இவ்வளவு என்று பேசும் இலைக் கணக்குக் காண்ட்ராக்டில் கூடுதலாகப் பொங்கினால் நஷ்டம் அவருக்கு, அதனால் கை அடக்கமாகத்தான் பொங்குவார். ஆனால் குறைந்தபட்சம் 500 இலை என்று பேசிவிட்டு 380 பேர் வந்தால் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். சாமான் வாங்கிக் கொடுத்துக் கூலிக்குச் சமைக்கச் சொன்னால், 'பத்தவில்லை' என்ற பேருக்குப் பயந்து மளிகை லிஸ்ட் நீளும். ஒரு லாபம் உண்டு: பிரிக்காத அரிசி மூட்டை கடைக்கே திரும்பும். பெரிய கல்யாணத்துக்கு முன்னது, எண்ணிக்கையைக் குறைத்துப் பேசி. வளைகாப்பு மாதிரி சின்ன விசேஷத்துக்குப் பின்னது, தெரிந்த தவசிப்பிள்ளையாக இருந்தால். எதுவானாலும் கடைசி உலையை, கூடத்தில் இன்னும் எத்தனை பேர் சாப்பிடவில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகு வைக்கச் சொல்லுங்கள்.