உதய்ப்பூர் பிச்சோலா ஏரிப் படகு: தீவில் இறக்குவார்களா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்

உதய்ப்பூர் போகிற எல்லாருக்கும் வரும் சந்தேகம், பிச்சோலா ஏரிப் படகுக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா என்பது. தீவில் இறக்கிவிடும் படகு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் படகு என்றால், பேசாமல் படித்துறையில் உட்கார்ந்து சூடாக ஒரு கச்சோரி சாப்பிடுங்கள், ஏரி அங்கிருந்தும் நன்றாகத்தான் தெரியும்.

ஏரிக்குள் இரண்டு அரண்மனைத் தீவுகள் இருப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம். படங்களில் தண்ணீரிலேயே மிதப்பது போலத் தெரியும் வெள்ளை மாளிகை ஜக் நிவாஸ், இப்போது தாஜ் லேக் பேலஸ் ஓட்டல். முன்பதிவு செய்யாதவர்களுக்கு உள்ளே இடமில்லை, பக்கத்தில் போய்ப் பார்ப்பதோடு சரி. நாம் இறங்கக்கூடியது அதற்குத் தெற்கே இருக்கும் ஜக் மந்திர். அப்பா மகாராணா ஜக் மந்திரில் கூத்தடிக்க விடவில்லை என்று கோபித்துக்கொண்டு, மகன் இரண்டாம் ஜகத் சிங் பட்டத்துக்கு வந்தபின் 1743-ல் தொடங்கி 1746-ல் தனக்கென்று கட்டி முடித்ததுதான் அந்த வெள்ளை மாளிகை என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள்.

படகைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரையில் இருக்கும் சிட்டி பேலஸ் அரண்மனை வளாகத்துக்குள், ராமேஷ்வர் காட் என்ற படித்துறையில் ஏறினால் ஜக் மந்திரில் இறக்குகிறார்கள், மாலை நேரச் சீட்டுக்கு விலை கூடுதல். மிதவை அங்கி கட்டாயம், முந்தைய ஆளின் வியர்வை ஈரத்தோடு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஓரத்து இருக்கை கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தலையைத்தான் படம் எடுக்க முடியும், அதனால் வரிசையில் முன்னால் நில்லுங்கள். நாங்கள் தங்கிய விடுதியில் இருந்த ஒரு குடும்பத்துக்குத் தெருவில் ஒரு தரகர் 'தீவுக்கும் போகும்' என்று சொல்லிச் சீட்டு விற்றிருக்கிறார், படகோ தீவைத் தூரத்திலேயே காட்டிவிட்டுத் திரும்பிவிட்டது, குழந்தைகள் இரவு வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியதும் படித்துறையில் வரிசையாகக் கல் யானைகள் நிற்கின்றன, எல்லாரும் அங்கேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் நேராக உள்ளே போய்விடுங்கள். குல் மஹால் என்ற குவிமாடக் கட்டடம்தான் முக்கியம். அப்பா ஜஹாங்கீருக்கு எதிராகக் கிளம்பி ஓடிவந்த இளவரசர் குர்ரமுக்கு 1623 வாக்கில் உதய்ப்பூரை ஆண்ட மேவார் அரசர் கரண் சிங் இங்கேதான் அடைக்கலம் கொடுத்தார். அந்தக் குர்ரம்தான் பிற்பாடு ஷாஜஹான். தாஜ் மஹால் கட்டும் யோசனையே இந்த இடத்தைப் பார்த்துத்தான் அவருக்கு வந்தது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்கிறார்கள், ஊர்ப் பெருமை, சொல்லிவிட்டுப் போகட்டும். 1857 கிளர்ச்சியின்போது தப்பி வந்த ஐரோப்பியக் குடும்பங்களை மகாராணா ஸ்வரூப் சிங் தங்க வைத்ததும் இதே தீவில்தான். நாலு பக்கமும் தண்ணீர், படகு அனுப்பினால்தான் ஆள் வர முடியும், ஒளிந்துகொள்ள வேறென்ன வேண்டும்!

அப்புறம், மாலைப் படகில் எல்லாரும் மேற்கே திரும்பி, ஆரவல்லி மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியனையே படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மலையும் சூரியனும் எந்த ஊரிலும் உண்டு. தீவின் வடக்கு ஓரத்தில் நின்று கரைப் பக்கம் பாருங்கள். சிட்டி பேலஸ் கிழக்குக் கரையில் மேற்கைப் பார்த்து நிற்பதால் அந்த வெயில் முழுக்க அதன் சுவரில்தான் விழுகிறது, வெளிறிக் கிடந்த சுவர் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். இதற்காகத்தான் மாலைச் சீட்டின் கூடுதல் காசு, இதைப் பார்க்கப் போவதில்லை என்றால் காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம், கூட்டமும் குறைவு.

தீவில் காபி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும், ஆனால் அரண்மனை விலை. சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது. தோட்டம் சுத்தமாக இருக்கிறது, வயதானவர்கள் உட்கார நிழலும் உண்டு, ஆனால் படகில் ஏறி இறங்கும்போது அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும்.

போகும் மாதத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். பிச்சோலா ஆற்று நீரைத் தேக்கி வெட்டிய ஏரி, மழை பொய்த்தால் வற்றிவிடும். 2000-களின் தொடக்கத்தில் வறட்சியில் தரை தெரியுமளவுக்கு வற்றியிருக்கிறது. மழைக்காலம் முடிந்து செப்டம்பர் கடைசியிலிருந்து குளிர்காலம் வரை போனால் தண்ணீர் நிறைந்திருக்கும். ஆனால் அதே குளிர்காலம்தான் அங்கே பெரிய இடத்துக் கல்யாணங்கள் நடக்கும் காலமும். தீவை மொத்தமாக வாடகைக்கு எடுத்துவிட்டால் நமக்கு அனுமதி இருக்காது. சீட்டு வாங்கும் முன்பே இன்று தீவு திறந்திருக்கிறதா என்றும், இறங்கும்போது திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படகுக்கு மூன்று நட்சத்திரம், தீவுக்கு நாலரை.