சின்னக் குழந்தையோடு காட்டு நடை: லூப் பாதையா, போன வழியே திரும்புவதா?

காட்டுக்குள் நடக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது லூப் பாதையைத்தான். சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம், பார்த்ததையே மறுபடி பார்க்க வேண்டாம். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று வயதுக் குழந்தை தன் காலால் நடக்கப்போகிறது என்றால், போன வழியே திரும்பும் பாதைக்குத்தான் என் ஓட்டு.

தூரக் கணக்கில் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றுதான். 4 கிலோமீட்டர் லூப்பில் அதிகபட்சம் 2 கிலோமீட்டர் நடந்தால் வண்டிக்கு வந்துவிடலாம், 2 போய் 2 திரும்பினாலும் அதே கணக்கு. பாதிக்கு முன்னால் குழந்தை மக்கர் பண்ணினால் லூப்பிலும் திரும்பிவிடலாம். சிக்கல் பாதியைத் தாண்டிய பிறகுதான் வருகிறது. போன வழியே திரும்பும்போது எங்கே வேர் தடுக்கும், எங்கே சேறு, எந்த இடத்தில் தூக்கியே ஆக வேண்டும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்ததாக இருக்கும். லூப்பில், குழந்தை களைத்துப்போய் அழத் தொடங்குகிற அதே நேரத்தில் முன்னால் இருப்பது முழுக்கப் புதுப் பாதை, வரைபடத்தில் சாதுவாகத் தெரிந்த வளைவு செங்குத்தான ஏற்றமாக இருந்தாலும் ஏறித்தான் தீர வேண்டும், ஏனென்றால் திரும்புவது அதைவிடத் தூரம்.

இன்னொன்று, சுற்றை முடித்தே ஆக வேண்டும் என்கிற பிடிவாதம் பெரியவர்களுடையது. குழந்தைக்குச் சுற்றாவது ஒன்றாவது. எறும்பு வரிசை ஒன்று கிடைத்தால் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிடும். போன வழியே திரும்பும் பாதையில் அதை உட்கார விட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்றால் அங்கிருந்தே திரும்பலாம், எதுவும் பாதியில் நின்றதாகத் தோன்றாது. அதே வழி சலிக்காதா என்றால், இந்த வயதுக்குச் சலிக்காது. வரும்போது மிதித்த குட்டையை மறுபடி மிதிக்கவே வேகமாக நடக்கும். ஆறேழு வயதில்தான் "திரும்பவும் இதே வழியா?" என்ற கேள்வி வரும், அப்போது லூப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையேறிகள் இன்றும் எடுத்துச் சொல்லும் கணக்கு, ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 100 மீட்டர் ஏற்றமுள்ள 4 கிலோமீட்டர் பாதைக்கு ஒரு மணி நேரம் போதும். நடக்கும் குழந்தையோடு என்றால் நான் மூன்று மணி நேரம் ஒதுக்குவேன், அதற்குள் முடியாது என்றால் அந்த லூப்பே வேண்டாம்.

முதுகில் சுமக்கும் கேரியர் இருந்தால் கதையே வேறு. எவ்வளவு தூரம் என்பதை உங்கள் கால் முடிவு செய்வதால் லூப் தாராளமாகப் போகலாம். சட்டம் வைத்த கேரியரே சுமார் 3 கிலோ இருக்கும். 12 கிலோ குழந்தை, 2 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 17 ஆகிவிடும். பல கேரியர்களின் மொத்த வரம்பு ஏறக்குறைய 22 கிலோதான். குழந்தை நிமிர்ந்து உட்காரப் பழகிய பிறகுதான் இதில் வைக்க வேண்டும். பாரம் உயரத்தில் இருப்பதால் இறக்கத்தில் தடுமாறும், தாழ்ந்த கிளை உங்கள் தலைக்குத் தப்பினாலும் பின்னால் இருக்கும் தலையில் அடிக்கும். நீங்கள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கால் சில்லிட்டுப்போகும் என்பதால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். நடக்கத் தெரிந்த குழந்தைக்கு இவ்வளவு பெரியதைக் காலியாகச் சுமப்பதைவிட, மடித்துப் பைக்குள் வைக்கும் துணிக் கேரியர் மேல்.

லூப்பில் கிளைப் பாதைகளும் பெரும்பாலும் அதிகம். முன்னால் ஓடும் குழந்தை தப்பான பக்கம் திரும்பிவிடலாம், அதனால் பாதை பிரியும் இடத்தில் எல்லாம் நின்று காத்திருக்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லி வையுங்கள்.

லூப்தான் வேண்டும் என்றால், நடுவில் குறுக்கு வழி உள்ள எட்டு வடிவப் பாதையாகத் தேடுங்கள், பாதிச் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். அப்புறம் எந்தப் பக்கமாகத் தொடங்குவது என்பதையும் வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: ஏற்றமும் கரடுமுரடும் முதல் பாதியில் வரட்டும், அங்கே முடியவில்லை என்றால் திரும்பிவிடும் தூரத்தில்தான் இருப்பீர்கள்.