லாரி உடலின் ஓட்டையை அடைக்கக் காந்தம் பொருத்திய செம்புத் தகடு

1941 முதல் 1945 வரை தயாரான ஜிஎம்சி சிசிகேடபிள்யூ, 1951 முதல் 1968 வரை தயாரான டாட்ஜ் எம்37 போன்ற பழைய இராணுவ லாரிகளைப் புதுப்பிப்பவர்கள், பிற்கால உரிமையாளர்கள் கண்ணாடிக்காகவும் ஆன்டெனாவுக்காகவும் போட்டுவிட்டுப் போன துளைகளுடன் மல்லுக்கட்டியே ஆக வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கென விற்கப்படும் கருவிகளில், காந்தம் பொருத்திய செம்புத் தகட்டை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

துளையின் பின்புறம் இத்தகட்டை ஒட்ட வைத்துவிட்டு, முன்புறமிருந்து மிக் (MIG) வெல்டிங்கில், அதாவது கம்பியை இயந்திரமே செலுத்தி உருக்கும் முறையில், சிறு சிறு புள்ளிகளாக உலோகத்தை நிரப்ப வேண்டும். செம்பு வெப்பத்தை எஃகைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்திவிடுவதால் உருகிய எஃகு அதில் ஒட்டுவதில்லை. ஒழுகிப் போக வேண்டிய உலோகம் துளைக்குள்ளேயே நின்று உறைகிறது. வேலை முடிந்து தகட்டை எடுத்தால், பின்புறம் ஏறத்தாழச் சமமாகவே இருப்பது மிகுந்த நிறைவைத் தருகிறது. விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு புள்ளியும் ஆறிய பிறகே அடுத்ததை வைப்பது அவசியம். அவசரப்பட்டால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும், அதை நிமிர்த்துவது ஓட்டையை அடைப்பதைவிடப் பெரிய வேலை.

குறைகளும் உண்டு. காந்தம் வெல்டிங்கின் மின்பொறியை ஒரு பக்கமாக இழுக்கிறது. சூடேறினால் அதன் பிடியும் தளர்கிறது. ஆகவே காந்தம் துளையிலிருந்து தள்ளி அமைந்துள்ள வகையையோ, கைப்பிடி வைத்த வகையையோ வாங்குவது நல்லது. கை நுழையாத மூடிய பெட்டிப் பகுதிகளில் இக்கருவியால் பயனில்லை. விரல் நுழையும் அளவுக்கு மேற்பட்ட துளையை வெல்டிங் கம்பியால் மட்டும் நிரப்ப முயலாமல், அதே கனமுள்ள தகரத்தில் வட்டமாக வெட்டிய துண்டை வைத்து, அதன் பின்னால் செம்பைப் பிடிப்பதே முறை.

ரப்பர் மூடியைச் செருகுவது சேதமில்லாத வழிதான் என்றாலும், மங்கலான ஆலிவ் பச்சைப் பரப்பில் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஓட்டையை நிரப்பும் பசையான பட்டியை மட்டும் அப்புவதை நான் ஏற்கவே மாட்டேன். அது ஈரத்தை உறிஞ்சி, அதிர்வில் விரிசல் விட்டு, நாளடைவில் சுற்றிலும் துருவை வளர்த்துவிடும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அடைப்பதற்கு முன் அத்துளை தொழிற்சாலையிலேயே போடப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும். துளையின் உள்விளிம்பில் பழைய பிரைமரும் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) முதல் வண்ணப் பூச்சும் படிந்திருந்தால் அது பெரும்பாலும் அசலானது. பூச்சைக் கிழித்துக்கொண்டு பளபளத்த உலோகமோ புதுத் துருவோ தெரிந்தால் பின்னர் துளையிட்டது. அசல் துளையை அடைத்துவிட்டால், அங்கே மாட்டியிருந்த பாகம் என்றாவது கிடைக்கும்போது மீண்டும் துளையிட நேரும். வெல்டிங்கில் பின்புறப் பூச்சு கருகியிருக்கும் என்பதால், முன்புறத்தைத் தேய்த்துச் சமமாக்கியதும் பின்புறத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து, அதே நாளிலேயே பிரைமர் அடித்துவிடுங்கள்.