மேற்குச் சுவரும் போர்வெல் தண்ணீரும்: எங்கள் படுக்கையறை, நாலு கோடைக்குப் பிறகு

2021 ஆகஸ்டில் படுக்கையறையைப் புதுப்பிக்கும் வேலை முடிந்த அன்று எடுத்த போட்டோக்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. கறுப்புக் குழாய்கள், குளியலறையில் கண்ணாடித் தடுப்பு, சீலிங் ஓரம் முழுக்க மஞ்சள் வெளிச்சம், கட்டில் தலைமாட்டில் பஞ்சு வைத்துத் தைத்த பலகை. சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் அந்தப் போட்டோக்களைக் கேட்கிறார்கள். அனுப்புகிறேன். ஆனால் அதில் பாதி இப்போது அறையில் இல்லை என்பதையும் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு கோடை, நாலு ஐப்பசி மழை பார்த்தாச்சு. ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீடு மாமனார் 1994இல் கட்டியது. சேலத்தில், ஜாகீர் அம்மாபாளையம் பக்கம். தரைத்தளம் மட்டும், மேலே மொட்டைமாடி. பெரிய படுக்கையறை 14க்கு 12 அடி. அதை ஒட்டி 8க்கு 7 அடியில் ஒரு சாமான் அறை. அதில் கல்யாணத்துக்கு வந்த அண்டாக்களும், ஓடாத தையல் மெஷினும், 20 வருடத்துப் பேப்பரும். அந்த அறையைக் குளியலறையாக்கி, படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி அடித்து, உடை மாற்ற ஒரு மூலையும் ஒதுக்கி, எல்லாம் ஒரே கதவுக்குள் வருவது போலச் செய்வதுதான் திட்டம். 4 லட்சத்தில் முடியும் என்றார்கள். 5 லட்சத்து 60 ஆயிரத்தில் நின்றது.

முதலில் அலமாரி. மார்ச்சில் இடிக்க ஆரம்பித்து, அலமாரிக்குக் கூடு மட்டும் நிற்கும்போது மே மாத ஊரடங்கு வந்துவிட்டது. ஆசாரிகள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கதவே இல்லை. அத்தையின் பழைய சுங்குடிச் சேலையைக் கயிற்றில் போட்டுத் திரையாக்கிக்கொண்டோம். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு உண்மையான டிசைனர். வரைபடத்தில் கோட்டு மாட்ட ஆளுயரத்தில் இரண்டு பகுதி விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கோட்டு யாருக்கு இருக்கிறது? துணியெல்லாம் மடித்து வைப்பவைதான். ஆசாரி திரும்பி வந்ததும் ஒரு கம்பியைக் கழற்றச் சொல்லி, அங்கே பத்து அங்குல இடைவெளியில் தட்டுகள் போட வைத்தேன். பத்து அங்குலத்தில் எட்டுப் பருத்திச் சேலை சரியாமல் நிற்கும். அதற்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பதை உருவும்போது மேலே இருப்பது தலையில் விழும்.

அந்த அலமாரி மேற்குச் சுவரில் இருக்கிறது. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

சேலத்து வெயில் தெரிந்தவர்களுக்கு மேற்குச் சுவர் என்றாலே புரியும். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே விடுவது நாம் படுக்கப் போகும் நேரத்தில். ராத்திரி பத்து மணிக்குக் கையை வைத்தால் தோசைக்கல்லை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனது போல இருக்கும். அதனால் கொத்தனார் சொன்ன யோசனை இது: "அலமாரிய மேக்கால அடிச்சிருங்கம்மா. துணியும் பலகையும் சூட்ட மறைச்சுக்கும்." மறைத்தது, உண்மைதான். அறையின் சூடு குறைந்ததை முதல் கோடையிலேயே உணர முடிந்தது.

ஆனால் அந்தச் சூடு எங்கே போகும்? துணிக்குள் போனது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பினோம். இளம்பிள்ளைச் சேலை ஒன்றை எடுத்தால் இப்போதுதான் இஸ்திரி போட்டு வைத்தது போலச் சுடுகிறது. மேல் தட்டில் இருந்த என் கணவருடைய வெண்பட்டு வேட்டியில் மடிப்பு ஓரம் மஞ்சளாகியிருந்தது. அந்துருண்டை இன்னொரு அடையாளம். நடுக்கூடத்து பீரோவில் மூன்று மாதம் வரும் உருண்டை, இங்கே ஒரே மாதத்தில் கடுகளவாகிவிடும். சூட்டில் வேகமாக ஆவியாகிறது. அலமாரியைத் திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டிய நெடி.

அதோடு விடவில்லை. இரண்டாம் வருட மழையில் கீழ்த்தட்டில் ஒரு பூஞ்சை வாசனை. துணியை எடுத்துப் பார்த்தால் பின்பலகை அப்பளம் போல உப்பியிருந்தது. வெளிச்சுவரில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல். அது வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது. ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்குத்தான் பணம் கொடுத்தோம். முன்பக்கமும் தட்டுகளும் அதுதான். கண்ணில் படாத பின்பலகைக்கு மட்டும் சாதா கமர்ஷியல் போட்டிருக்கிறார்கள். பலகை உள்ளே வரும்போதே முத்திரையைப் பார்த்தேன், அடிக்கும்போது பார்க்கவில்லை. என் தப்பு அதுதான். அப்புறம் பின்பலகையை மாற்றி, சுவருக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக ஓட்டை போட்டோம். வெளியே விரிசலை அடைத்து வெள்ளைப் பூச்சு. இதற்கு 14 ஆயிரம். அதற்குப் பிறகு வாசனையும் இல்லை, சேலையும் அவ்வளவு சுடுவதில்லை. மேல் தட்டு மட்டும் இன்னும் சூடு.

ஏற்காட்டில் என் நாத்தனார் வீட்டில் நேர்மாறான கதை. மலை மேல் பனிமூட்டத்தில் அலமாரிக்குள் எல்லாம் பூஞ்சை. செருப்பு, பெல்ட் எல்லாம் பச்சை பூத்துவிடும். அலமாரிக்குள் சின்ன பல்பு எரிய விட்டு வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் 30 கிலோமீட்டர்தான். இரண்டு பேரும் போனில் ஒரே படத்தைப் பார்த்துத்தான் அலமாரி அடித்தோம்.

மொட்டைமாடிக்கு வருகிறேன். பழைய சுருக்கியும் (சுண்ணாம்பு, செங்கல் கலவை) தட்டோடும் 1994இல் போட்டது, அங்கங்கே பொத்தல். செலவைக் குறைக்க முதலில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். முதல் கோடை நன்றாக இருந்தது. இரண்டாவது கோடைக்குள் புழுதி படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது, பலனும் குறைந்துவிட்டது. 2023 மாசியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதித்தோம். இந்த மொத்த வேலையில் போட்ட காசுக்கு முழுசாகத் திருப்பிக் கொடுத்தது இதுதான். ராத்திரி முழுக்க ஓடிய ஏசியை இப்போது ஒரு மணிக்கு அணைத்துவிட்டு மின்விசிறியில் தூங்குகிறோம். ஒரே ஒரு ஆள் மட்டும் இதை ஏற்கவில்லை. அத்தை. "தளம் சுடவே மாட்டேங்குதே, வடகம் எப்படிக் காயும்?" என்கிறார். ஒரு நாளில் காய்ந்த வடகம் இப்போது இரண்டு நாள் ஆகிறது. அவருக்காகப் பழைய தட்டோட்டில் ஒரு மூலையை அப்படியே விட்டிருக்கிறோம்.

இனி தண்ணீர். எங்கள் பக்கம் வெள்ளைக்கல் பூமி. மேக்னசைட் சுரங்கம் இருக்கிறது, மேக்னசைட் என்ற பெயரிலேயே ரயில் நிலையமும் இருக்கிறது. அதனால் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், அதில் துவரம்பருப்பு வேகாது. இதெல்லாம் தெரிந்தும் நான் கறுப்புக் குழாய் வாங்கினேன். கடையில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டில் பத்தாம் நாள் அதன் மேல் திருநீறு பூசியது போல ஆகிவிட்டது. துடைத்தால் போகும், காய்ந்தால் திரும்ப வரும். குழாய் முனையில் கெட்டியாகக் கட்டிக்கொண்டதைச் சுரண்டப் போய்க் கறுப்பும் உரிந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் சாதாரண குரோம் குழாய்க்கு மாறினோம்.

கண்ணாடித் தடுப்பு இன்னும் இருக்கிறது. கழற்றினால் சுவரில் ஓட்டை தெரியும், அதனால் இருக்கிறது. குளித்ததும் ரப்பர் வைப்பரால் வழித்துவிட வேண்டும். வழிக்காமல் ஒரு நாள் விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டம். ஞாயிற்றுக்கிழமை வினிகரில் துணி நனைத்து ஒட்டி வைத்து, கால் மணி நேரம் கழித்துத் தேய்க்கிறோம். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். ஒரு தடவை வீட்டு வேலைக்கு வந்தவர் நல்லெண்ணத்தில் ஊற்றிவிட்டார். டைல்ஸுக்கு நடுவே இருக்கும் கிரவுட் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஷவருக்கு வேறு வைத்தியம்: பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி ஷவர் தலை மூழ்கும்படி ராத்திரி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டால், காலையில் அடைத்த ஓட்டையெல்லாம் திறந்திருக்கும்.

கீசர் 14ஆம் மாதம் சூடாகவில்லை. பிளம்பர் திறந்து காட்டினார். உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி, சுண்ணாம்பில் முக்கி எடுத்த கை விரல் போல இருந்தது. தொட்டியின் அடியில் இரண்டு கைப்பிடி வெள்ளைத் தூள். "இது கீசரோட தப்பு இல்லக்கா, உங்க தண்ணி" என்றார். அப்போதுதான் அவர் கேட்டார்: மேட்டூர் தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வருகிறதே, அதை ஏன் குளியலறைக்குக் கொண்டு வரவில்லை?

யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் காரணம். மேட்டூர் தண்ணீர் குடிக்க, சமைக்க. மற்றதெல்லாம் போர். இப்படியே பழகிவிட்டோம். மூன்றாம் வருடம் மாடியில் 500 லிட்டரில் தனி டேங்க் வைத்து, சம்பிலிருந்து ஏற்றி, ஷவருக்கும் கீசருக்கும் வாஷ்பேசினுக்கும் மட்டும் மேட்டூர் தண்ணீர் விட்டோம். ஃப்ளஷ்ஷுக்குப் போர் தண்ணீரே. தண்ணீர் வராத நாட்களில் மாற்றிக்கொள்ள ஒரு வால்வு. சுவரைத் திரும்ப உடைக்கக் கூடாது என்று குழாயை வெளியே ஓட்டியதால், பின்பக்கம் வெள்ளைக் குழாய்கள் பூரான் போல ஓடுகின்றன. செலவு 18 ஆயிரம். முதலிலேயே செய்திருந்தால் ஏழெட்டு ஆயிரத்தில் சுவருக்குள்ளேயே போயிருக்கும். குளியலறை கட்டப் போகிறவர்கள் டைல்ஸ் கடைக்குப் போகும் முன் இந்த ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர்.

மற்றவை சுருக்கமாக. ஃபால்ஸ் சீலிங்கின் ஓர விளக்குப் பட்டை ஒன்றரை வருடத்தில் பாதி அணைந்துவிட்டது, மாற்றவில்லை. அந்தப் பள்ளத்தில் பல்லி குடும்பம் நடத்துகிறது. பஞ்சுப் பலகையில் எண்ணெய்த் தலை பட்டுப் பட்டு இரண்டு வட்டம் விழுந்ததால் கழற்றிவிட்டோம். கட்டிலுக்குக் கிழக்குச் சுவரில் இரண்டு பக்கமும் சுவிட்ச், போன் சார்ஜ் போட பிளக் எல்லாம் வைத்தோம். ஏசிக் காற்று நேராகத் தலையில் அடித்ததால் கட்டிலைத் தெற்கே திருப்பினோம். இப்போது விளக்கை அணைக்க எழுந்து நடக்க வேண்டும். வடக்கே திருப்பியிருந்தால் கையெட்டும் தூரத்தில் ஒரு பிளக் இருந்தது. வடக்கே தலை வைத்துப் படுக்கலாமா என்ற பேச்சே அத்தையிடம் எடுபடவில்லை.

குளியலறை வாசல் மட்டும் சொல்லியே ஆக வேண்டும். கொத்தனார் பிடிவாதமாக வாசலை மூன்றடி அகலம் விட்டார். படி வைக்காமல் தரையைச் சரித்துவிட்டார். சொரசொரப்பான டைல்ஸ்தான் போட வேண்டும் என்று அதற்கும் சண்டை. அழகாக இல்லையே என்று நான் முணுமுணுத்தேன். போன வருடம் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, இரண்டு மாதம் வாக்கரோடு இந்த அறையில்தான் இருந்தார். வாக்கர் இடிக்காமல் உள்ளே போய் வந்தது. கம்மோடு பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மட்டும் புதிதாக அடித்தோம்.

மேற்குச் சுவருக்கு வெளியே 2021 ஆடிப்பெருக்கு அன்று ஒரு புங்கன் நட்டேன். தண்ணீர் ஊற்றியதைத் தவிர வேறு செலவில்லை. போன சித்திரையில் மாலை நாலு மணிக்கு அதன் நிழல் சுவரில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, உள்ளே வந்து தட்டுகளை எண்ணினேன். கீழிருந்து மூன்று தட்டு குளிர்ச்சி. வெண்பட்டை மூன்றாவது தட்டுக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.