செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: ப்ளூடூத் ஸ்கேனரை நம்பலாமா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் கம்ப்யூட்டர் தரும் தகவலைப் போனில் காட்டும் இஎல்எம் 327 ப்ளூடூத் ஸ்கேனரைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் நகல் வகைதான். 2013 ஏப்ரலில் நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி 2 (வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்லும் முறை) கட்டாயமானது. என் பெட்ரோல் வண்டி அதற்குப் பிறகு வந்தது என்பதால் இணைப்பதில் சிக்கல் இல்லை.

இதை வாங்குகிற பலரும் எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) பார்க்கத்தான் வாங்குகிறார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதபோது கோடு பெரிதாக உதவுவதில்லை. எனக்கு உதவியது லைவ் டேட்டாவில், அதாவது அந்தந்த நொடியின் அளவீடுகளில், வரும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்).

போன கோடையில் நெடுஞ்சாலை ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் அடிக்கிறது. பக்கத்துக் கடை மெக்கானிக் வந்து கேட்டுவிட்டு, "பெட்ரோல் பம்ப் போயிருக்கும் சார்" என்றார். ஆனால் சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி 'உய்ங்' என்று பம்ப் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) விளக்கும் வழக்கம்போல அணைந்துவிட்டது. ஸ்கேனரைச் செருகி, செல்ஃப் அடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். இன்ஜின் சுற்றுகிறது, ஆர்பிஎம் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. நல்ல நிலையில் அங்கே 200, 250 என்று ஏதாவது காட்டும். இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல் வராவிட்டால், இன்ஜின் சுற்றுவதே ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) தெரியாது, அதனால் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் அடிக்காது. அப்போது கோடு ஒன்றுமே இல்லை. சூடு தணிந்ததும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. சூட்டில் செத்து ஆறினால் உயிர் வருவது இந்த சென்சாரின் பழைய வியாதி. இந்த சென்சாரின் கோளாறைச் சொல்லும் பி0335 கோடு பல நாள் கழித்துத்தான் வந்தது. கப்ளரையும் வயரையும் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றினோம், அப்புறம் தொல்லை இல்லை.

ஆர்பிஎம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்தக் கருவி பாதி குருடு. சாதாரண பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் பெட்ரோல் பிரஷர் சென்சாரே கிடையாது. பம்ப் சத்தம் போட்டும் தேவையான மூன்று, நான்கு பார் பிரஷர் வராமல் இருக்கலாம்; அதற்குப் பிரஷர் கேஜ் மாட்டித்தான் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பெட்ரோலில் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட அதிகம் சொல்லும். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் மேற்கொண்டு செல்ஃப் அடிக்கவே கூடாது.

கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி வீக்காக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் இறங்கி, முக்கியமான நேரத்தில் ப்ளூடூத் அறுந்துவிடும். அப்படி அறுந்தபின் திரையில் நிற்கும் பூஜ்யத்தை நம்பி சென்சார் வாங்கிவிடாதீர்கள். சாவியை எடுத்தாலும் சாக்கெட்டில் கரண்ட் இருப்பதால் செருகியே விட்டு ஊருக்குப் போனால் பேட்டரி இறங்கும். பழைய ப்ளூடூத் மாடல்கள் ஐபோனில் இணையாது, ஐபோன்காரர்கள் வைஃபை வகையைப் பாருங்கள். 'வெர்ஷன் 2.1' என்று அச்சிட்டு வரும் நகல்கள் சில கட்டளைகளுக்குப் பதிலே தராது. அந்த ஆர்பிஎம் வரிக்காக மட்டுமே இதை நான் மறுபடியும் வாங்குவேன்.